கோடு தாண்டாமலே அயலாரானோர்: பர்மிய இந்தியரும் 1823 என்னும் ஆண்டும்

புகார் நகரில் பல மொழி பேசும் அயல்நாட்டார் ஒருங்கே வாழ்ந்ததாகப் பட்டினப்பாலை தரும் செய்தியைச் சுட்டாத தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வு அரிது. அயலாரை ஏற்ற சமூகமாக நம்மை நாமே காண்பதற்கு அச்சான்று பெரிதும் உதவுகின்றது. நாம் அயலாராய் வாழ்ந்த சமூகங்களில் நம்மைக் குறித்து எழுந்த அச்சத்தை விளங்கிக்கொள்ள அது உதவுவதில்லை. அவ்வச்சத்தை 'நன்றிகெட்ட செயல்' என்றோ 'இனவெறி' என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட்டு, நம்மவர் பட்ட துயரத்தை விரித்துரைப்பதே நம் எழுத்துகளில் பெருவழக்கு. துயரம் உண்மை. ஆயின் அயலார் அச்சம் எங்கிருந்து பிறந்தது, யார்மேல் விழுந்தது, எவ்வாறு சட்டமாக உறைந்தது என்னும் வினாக்கள் தனியே விடை வேண்டுவன. இவ்வினாக்களைப் பர்மிய இந்தியர் வரலாற்றின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1989 முதல் மியன்மா எனப்படும் அந்நாடு, பேசப்படும் காலத்துப் பெயராலேயே இங்குப் பர்மா எனக் குறிக்கப்பெறுகின்றது.

மாகாணமாயிருந்த நாடு

ஆங்கிலேயர் பர்மாவை மூன்று போர்களில் கைக்கொண்டனர். 1824–26 போரில் அரக்கானும் தெனாசரிமும், 1852 போரில் பெகு உள்ளிட்ட கீழ்ப்பர்மாவும், 1885 போரில் மன்னர் தீபாவின் மேல்பர்மாவும் அவர்கள் வசமாயின. 1886 முதல் முழுப் பர்மாவும் பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆளப்பட்டது. 1937 ஏப்ரல் முதல் நாள் வரை இந்நிலை நீடித்தது.

இச்செய்தி பாடநூல்களிலும் உள்ளதே. எனினும் அதன் விளைவு போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை. சென்னையிலோ காக்கிநாடாவிலோ கப்பலேறி இரங்கூனில் இறங்கிய ஒருவர், சட்டத்தின் பார்வையில் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்திற்குச் சென்றவரே ஆவார். அவர் எந்த நாட்டின் எல்லையையும் கடந்தவரல்லர். மேஸ்திரி தந்த முன்பணத்திற்குக் கைந்நாட்டு வைத்துச் சென்ற தெலுங்குக் கூலியாளும், செட்டிநாட்டிலிருந்து 'கொண்டுவிற்க'ச் சென்ற அடுத்தாளும், அரசு அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்த வங்காளியும் இவ்வகையில் ஒரு நிலையினரே. மறுபுறம், பர்மியருக்கு அவர்கள் வேற்று நாட்டாராகவே தோன்றினர். தம் அரசு வீழ்ந்ததும் தம் மன்னர் இரத்தினகிரிக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் அவர்கள் கண்முன் நிகழ்ந்தவை. 'மாகாணம்' என்னும் சொல்லை அவர்கள் ஏற்றதில்லை. ஆளப்பட்டோர் இருவரும் ஒரே பேரரசுக்குள் இருந்தும், ஒருவர் உள்நாட்டுப் பயணம் எனக் கருதியதை மற்றவர் படையெடுப்பின் தொடர்ச்சி எனக் கண்டனர். பின்னர் நேர்ந்தவை அனைத்திற்கும் இம்முரண் அடித்தளமாய் அமைந்தது.

1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 46 லட்சம். அவருள் இந்தியர் 10,17,825 பேர். அதாவது நூற்றுக்கு ஏழு பேர் என்னும் அளவு. சிட்டகாங்கினர், தமிழர், இந்துஸ்தானியர், தெலுங்கர், வங்காளியர், ஒரியர் எனப் பல மொழியினர் இத்தொகையுள் அடங்குவர். தமிழர் மட்டும் 1,80,000-க்கு மேற்பட்டவர். நாடு முழுமைக்கும் சிறுபான்மையினராகிய இவர்கள் தலைநகரில் பெரும்பான்மையினர். இரங்கூனின் 4,00,415 மக்களில் 2,12,929 பேர் இந்தியர். பர்மியர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. தம் நாட்டின் தலைநகரில் அஞ்சல் நிலையம், துறைமுகம், தொடர்வண்டி நிலையம், மருத்துவமனை ஆகியவற்றில் இந்துஸ்தானி தெரியாமல் பணி முடிப்பது ஒரு பர்மியருக்கு எளிதாயில்லை. புள்ளிவிவரம் 'ஏழு விழுக்காடு' என்று சொல்லலாம். இரங்கூன் தெருவில் நின்றவரின் கண் வேறொன்றைச் சொல்லும். அயலார் குறித்த அச்சம் நாட்டளவுக் கணக்கைக் கொண்டு பிறப்பதன்று, கண்ட தெருவைக் கொண்டு பிறப்பது என்பதற்கு இரங்கூன் தக்க சான்றாகும்.

பர்மிய மொழியில் 'கலா' என்னும் சொல் மேற்கிலிருந்து வந்தோரைக் குறித்தது. ஐரோப்பியரை 'வெள்ளைக் கலா' என வழங்கியதும் உண்டு. காலப்போக்கில் அது இந்தியர்க்கே உரியதாகி, இகழ்ச்சிப் பொருளும் ஏற்றது. கோடீசுவரச் செட்டியாரும் மலம் சுமந்த தெலுங்கரும் அச்சொல்லில் ஒருவராயினர். இந்தியர் தம்முள் சாதி, மொழி, சமயம் ஆகியவற்றால் எத்துணை விலகி வாழ்ந்தனர் என்பதை எண்ணினால், அவர்களை ஒன்றாக்கியது அச்சொல் ஒன்றே எனலாம்.

நிலம்

1850-களில் கீழ்ப்பர்மாவின் நெல் விளைநிலம் பத்து லட்சம் ஏக்கர் அளவினதே. 1930-களில் அது ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்கியவர் பர்மிய உழவர். அதற்கு வேண்டிய முதலைத் தந்தவருள் முதன்மையானோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழுவின் 1929–30ஆம் ஆண்டு அறிக்கை, 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் நிறுவனங்கள் பர்மாவில் இயங்கியதையும், அவற்றின் கடன்முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்பதையும் தெரிவிக்கின்றது. இரங்கூன் முகல் தெருவில் இருந்த கிட்டங்கிகளிலிருந்து ஐராவதிக் கழிமுகத்தின் சிற்றூர் வரை இவ்வலை பரவியிருந்தது.

செட்டியார் வேண்டியது வட்டி, நிலமன்று. நிலம் கையில் தங்கினால் முதல் முடங்கும் என்பது அத்தொழிலின் அரிச்சுவடி. ஆயினும் 1930-இல் நெல்விலை பாதியளவுக்குச் சரிந்தபோது உழவரால் வட்டியும் கட்ட இயலவில்லை. ஆங்கிலேயர் கொணர்ந்த ஈட்டுச் சட்டம் அடகு வைத்த நிலத்தைக் கடன் கொடுத்தவர்க்கு உரியதாக்கியது. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கைவசம் இருந்தது விளைநிலத்தில் 6 விழுக்காடு. 1938-இல் 25 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம் உழுதவரின் கையைவிட்டுச் சென்றது.

தமிழில் பர்மாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் 'பர்மாவின் நெல்வளத்தை உருவாக்கியது நம்மவர் முதலே' என்னும் கூற்று பலகாலும் வருகின்றது. அது பெரும்பாலும் சரியானதே. எட்டு ஆண்டுகளில் நிலமிழந்த உழவரைப் பற்றிய கூற்று அருகியே வருகின்றது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியபோது அதனை நம் எழுத்தாளர் 'சொத்துப் பறிப்பு' எனப் பதிவு செய்தனர். பர்மிய உழவரின் பார்வையில் அது பறிபோனதன் மீட்பு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்காமல் பர்மிய இந்தியர் வரலாற்றை எழுதுவது முறையாகாது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. செட்டியாரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது இதன் நோக்கமன்று. விலைச் சரிவு உலகளாவியது. ஈட்டுச் சட்டம் ஆங்கிலேயருடையது. செட்டியாரும் ஆங்கிலேய வங்கிகளில் கடன்பட்டவர். ஆனால் உழவரின் கண்ணுக்குத் தெரிந்தது சிற்றூர்க் கடையில் பெட்டகத்தின் முன் அமர்ந்திருந்தவரின் முகமே.

அடி விழுந்த இடம்

நிலத்தில் பிறந்த சினம் நிலம் கொண்டவர்மேல் விழவில்லை என்பது இவ்வரலாற்றின் மிகக் கசப்பான கூறு. 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குச் சுமைத் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். கப்பல் நிறுவனங்கள் அவர்களிடத்தில் பர்மியரை அமர்த்தின. உடன்பாடு ஏற்பட்டதும் பர்மியரை வெளியேற்றிப் பழைய ஆட்களை மீட்டன. வேலை தேடிக் காலையில் துறைமுகம் வந்த பர்மியர்க்கும் திரும்பிய தெலுங்கர்க்கும் மூண்ட கைகலப்பு நகரெங்கும் பரவியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். இருதரத்து ஏழையரையும் மாற்றி மாற்றிப் பயன்கொண்ட நிறுவனங்களுக்கு இழப்பேதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. இக்கலகத்தை ஒட்டியே 'நம் பர்மா' எனப் பொருள்படும் டோபாமா இயக்கம் தோன்றியது. அதன் உறுப்பினர், ஆங்கிலேயரை விளிக்கப் பயன்பட்ட 'தக்கின்' (எசமானர்) என்னும் சொல்லைத் தம் பெயர்முன் இட்டுக்கொண்டனர். நாட்டின் எசமானர் தாமே என்பது அதன் பொருள்.

1938 கலகம் சமயத்தின் பெயரால் வந்தது. பௌத்தத்தைப் பழித்ததாகச் சொல்லப்பட்ட, இசுலாமியர் ஒருவர் எழுதிய நூல் அதற்கு வாயில். ஷ்வேடகோன் பகோடாவில் சூலை இறுதியில் கூடிய கண்டனக் கூட்டம் கலகமாக மாறி, ஊர்ப்புறங்களுக்கும் பரவிற்று. ஏறத்தாழ 200 இந்தியர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் இசுலாமியர். பின்னர் அமைந்த விசாரணைக் குழு, நூல் வெறும் தீப்பொறியே என்றும், நில உரிமை, குடியேற்றம், கலப்புமணம் ஆகியவை பற்றிய மனக்குறைகளே விறகு என்றும் கொள்ளத்தக்க முடிவுகளை வெளியிட்டது.

கலப்புமணம் பற்றிச் சிறிது கூற வேண்டும். பர்மிய இந்தியருள் பெண்கள் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவானவர். ஆண்கள் பலர் பர்மியப் பெண்களை மணந்தனர். இந்திய இசுலாமியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தோர் 'ஜெர்பாதி' எனப்பட்டனர். பௌத்தப் பெண்ணின் திருமணமும் சொத்துரிமையும் குறித்த தனிச் சட்டம் 1939-இல் இயற்றப்பட்டது. அதே பொருளில் மற்றொரு சட்டம் 2015-இல் மியன்மா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 76 ஆண்டு இடைவெளியில் அச்சத்தின் வடிவம் பெரிதும் மாறவில்லை. நிலத்தைப் போலவே பெண்ணும் 'நம்முடையதாக'க் காக்கப்பட வேண்டிய பொருளாயினள். அப்பெண்கள் தாமே சொன்னவை எங்கும் மிகுதியாகப் பதிவாகவில்லை; தமிழ்ப் பதிவுகளிலோ 'அங்கு ஒரு குடும்பம்' என்னும் அளவோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர்.

எண்ணும் அச்சமும்

1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. பர்மியர் அனைவரும் இதனை வேண்டினர் என எண்ணுதல் பிழை. பிரிந்தால் அரசியல் உரிமைகள் குறையும் என ஐயுற்றுப் பிரிவினைக்கு எதிரான அணிகளையே 1932 தேர்தலில் வாக்காளர் வெல்லச் செய்தனர். எவ்வாறாயினும், அந்நாளில் பத்து லட்சம் பேர் இருந்த இடத்தில் இருந்தபடியே அயலாராயினர். அவர்கள் நகரவில்லை, கோடு நகர்ந்தது.

கலகத்திற்குப் பின் பர்மிய அரசு தன் நிதி ஆலோசகர் ஜேம்ஸ் பேக்ஸ்டரைக் கொண்டு இந்தியக் குடியேற்றத்தை ஆராய்ந்தது. 1941-இல் வெளிவந்த அவ்வறிக்கை வியப்பூட்டுவது. இந்தியரால் பர்மியர் மூழ்கடிக்கப்படுகின்றனர் என்னும் அச்சத்திற்குப் புள்ளிவிவரச் சான்று இல்லை; வருவோரில் மிகப் பலர் பருவகாலத் தொழிலாளர், சில ஆண்டுகளில் திரும்புவோர்; இந்தியர் எனக் கணக்கிடப்படுவோரில் பர்மாவிலேயே பிறந்தோரின் பங்கு வளர்ந்துவருகின்றது என்பன அதன் சாரம். 1931-இலேயே அவருள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் பர்மாவில் பிறந்தவர்.

அறிக்கை அச்சத்தைத் தணிக்கவில்லை. அதே 1941-இல் இந்திய, பர்மிய அரசுகள் குடியேற்ற ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. இந்தியர் நுழைவுக்கு அனுமதிச்சீட்டும் கட்டுப்பாடுகளும் அதில் இடம்பெற்றன. இந்தியாவில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சப்பானியப் போர் குறுக்கிட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 'அஞ்சாதீர், எண்ணிக்கை குறைவே' என்னும் விடை, 'என் நிலம் எங்கே' என்னும் வினாவுக்குரியதன்று.

மூன்று வெளியேற்றங்கள்

1941 திசம்பர் 23-இல் இரங்கூனில் குண்டு விழுந்தது. 1942-இன் முதற்பாதியில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் அரக்கான் மலை வழியாகவும் தாமு–இம்பால் வழியாகவும் நடந்தே இந்தியா வந்தனர். வழியில் பல்லாயிரவர் மாண்டனர். ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் வழியிலும் உதவியிலும் காட்டப்பட்ட வேறுபாடு அன்றே கண்டனத்திற்கு உள்ளாயிற்று. இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா இந்நடையை நூலாக்கினார். 1952-இல் வந்த 'பராசக்தி' திரைப்படத்தின் கதையும் இரங்கூன் தமிழ்க் குடும்பத்தின் பிரிவிலிருந்தே வளர்கின்றது. தமிழ்ப் பொதுநினைவில் பர்மா என்பது பெரும்பாலும் இந்த நடையே.

இரண்டாவது வெளியேற்றம் ஓசையற்றது. 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, முந்தைய பத்தாண்டில் எட்டாண்டுகள் பர்மாவில் வாழ்ந்த பேரரசுக் குடிகள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. சட்டம் தாராளமானதே. ஆனால் போரில் தாள்களை இழந்தவர், எழுத்தறியாத கூலியாளர், இரு கரைக்கும் உரியவராய் வாழ்ந்து பழகியவர் ஆகியோருள் பலர் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தவரும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் மூன்றாவது வந்தது. 1964 மார்ச்சில் கடைகள் நாட்டுடைமையாயின. மே மாதம் 50, 100 சாட் தாள்கள் செல்லாதவையாயின. வெளியேறுவோர் எடுத்துச்செல்லும் பணத்திற்கும் நகைக்கும் கடும் வரம்பு விதிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் அப்பதிற்றாண்டில் வெளியேறினர். தமிழகம் வந்தோர் மட்டும் 1,44,000-க்கு மேற்பட்டவர் என்பது அரசுக் கணக்கு. 1964-இல் கப்பலேறியவர் நிலம் கொண்ட செட்டியார் அல்லர். அவர்களின் நிலம் முன்னரே கைம்மாறிற்று. சிறு கடைக்காரரும் தையற்காரரும் கூலியாளருமே பெரும்பாலோர். சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜாரும் வடசென்னையின் அத்தோ கடைகளும் இவர்கள் வாழ்க்கையின் எச்சங்கள். இங்கும் ஒட்டாது, தரைவழியே பர்மா திரும்ப முயன்ற சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கினர். அங்காள பரமேசுவரி கோயிலோடு ஒரு தமிழ்க் குடியிருப்பு அவ்வெல்லையில் உருவானது இவ்வாறே.

1823

எஞ்சியோரின் நிலையை 1982 அக்டோபரில் வந்த குடியுரிமைச் சட்டம் வரையறுத்தது. கச்சின், காயா, கரேன், சின், பர்மியர், மோன், அரக்கானியர், ஷான் ஆகியோரும், பர்மிய ஆண்டு 1185-க்கு, அதாவது கி.பி. 1823-க்கு, முன்பே குடியமர்ந்த பிற இனத்தாரும் இயல்பான குடிகள். 1948 சட்டப்படி விண்ணப்பித்திருந்தோர் இணைக் குடிகள். 1948 சனவரி 4-க்கு முன் வந்தமைக்குச் சான்று காட்டுவோர் இயல்பேற்புக் குடிகள். மூவகைக்கும் மூன்று நிற அட்டைகள்.

1823 என்பது முதல் ஆங்கில–பர்மியப் போருக்கு முந்தைய ஆண்டு. காலனியத்தைத் துடைத்தெறிய இயற்றப்பட்ட சட்டம், யார் நம்மவர் என்று முடிவுசெய்யக் காலனியத்தின் நாட்காட்டியையே கையில் எடுத்தது என்பது நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் தமிழாய்வாளர்க்கு ஓர் ஈர்ப்பு உண்டு. பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுளும் தமிழில் உரைநடையும் கொண்டது. மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பார் அங்கிருந்த நானாதேசி விண்ணகர்க் கோயிலுக்கு மண்டபம் எடுப்பித்ததை அது கூறுகின்றது. 1823-க்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு முன்பே பர்மாவில் தமிழ் எழுதப்பட்டது என்பதற்கு ஐயமற்ற சான்று இது. இதனைக் காட்டி 'நாங்களும் தொன்மையர்' என வாதிடும் ஆசை எழுவது இயல்பே. கல்வெட்டுச் சான்றுகளில் பயின்ற நமக்கு அது கைவந்த கலையும்கூட.

அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. முதலாவது, பகான் வணிகர்க்கும் 1900-இல் கப்பலேறிய கூலியாளுக்கும் தலைமுறைத் தொடர்ச்சி இல்லை. அதனினும் முக்கியமானது, அவ்வாதம் சட்டத்தின் அடிப்படையை ஒப்புக்கொள்கின்றது. முன்வந்தவர்க்கே நாடு என்பதை ஏற்றபின் ஆண்டு எது என்பது மட்டுமே வழக்காகும். அவ்வழக்கில் சான்று உள்ளவரும் வெல்வதில்லை. அரக்கானின் ரோகிங்கியர் இதற்கு எடுத்துக்காட்டு. 1799-இல் பிரான்சிஸ் புக்கானன் பர்மியப் பேரரசின் மொழிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், அரக்கானில் நெடுங்காலம் குடியமர்ந்த இசுலாமியர் தம்மை அழைத்துக்கொண்ட அப்பெயர் இடம்பெறுகின்றது. 1823-க்கு 24 ஆண்டுகள் முந்தைய அச்சுச் சான்று அது. அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் அவர்கள் இல்லை. 2014 குடிக்கணக்கில் அப்பெயரால் பதிய அவர்கள் விடப்படவில்லை. 2017 ஆகத்து முதல் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வங்கதேசத்திற்கு ஓடினர். அவர்களை இகழவும் 'கலா' என்னும் சொல்லே பயன்பட்டது.

பகான் கல்வெட்டைவிட நாம் படிக்க வேண்டியவை செட்டியார் நிறுவனங்களின் கணக்கேடுகளும் கடிதங்களும் ஆகும். அவை தமிழில் எழுதப்பட்டவை. தமிழ் எண்களும் வணிகக் குறியீடுகளும் அறிந்தோர்க்கன்றி விளங்காதவை. கடன் கொண்ட பர்மிய உழவரின் பெயர், ஊர், ஈடு வைத்த நிலம், தவணை தவறிய மாதம் ஆகியவை அங்குத் தமிழெழுத்தில் பற்று எழுதப்பட்டிருக்கும். பர்மிய வரலாற்றாசிரியரால் அவற்றைப் படிக்க இயலாது. பொருளியல் ஆய்வாளர் பெரும்பாலோர்க்கும் அது அரிது. அப்பயிற்சி தமிழ்த்துறைகளிலேயே உண்டு.